பிள்ளைக்கும் ஓர் ஆசனம்

யுத்த காலத்தில் பங்கருக்குள்ளும் படகிலும் முகாம் வரிசையிலும் பிள்ளையைக் காத்தது நமது கைகளே. ஆகவே, விமானத்தில் பிள்ளையை மடியில் வைத்தால் போதும் என்று நாம் எண்ணுவது இயல்பு.

டிக்கோயாவில் எமது மாதர் கூட்டத்தில் ஒரு தங்கை இதைப் பற்றிக் கேட்டார். வன்னியில் யுத்தத்தைக் கண்டு, தோட்டத்து உறவினரிடம் திரும்பி வந்தவர். ஒன்றரை வயது மகனுடன் குறைந்த கட்டண விமானத்தில் சென்னை செல்லவிருந்தார். கனடாவிலுள்ள அக்கா அனுப்பிய பிள்ளைக்கான கார் ஆசனத்தைக் கொண்டுபோகலாமா என்பதே கேள்வி. நான் தேடி அறிந்ததைச் சகோதரிகள் அனைவருக்கும் சொல்கிறேன்.

1989 ஜூலை 19ஆம் திகதி அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைட்டட் விமானம் 232 விபத்துக்குள்ளானது. அதில் நான்கு மடிப்பிள்ளைகள் இருந்தனர். அன்றைய நடைமுறைப்படி, பிள்ளைகளைக் காலடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு பணிப்பெண் ஜேன் பிரவுன் கூறினார். ஒரு பிள்ளை இறந்தது. பிள்ளைகளுக்குத் தனி ஆசனம் வேண்டுமென அவர் பின்னர் பல ஆண்டுகள் போராடினார். விமானம் திடீரென மோதும்போது பிள்ளையின் பாரம் பல மடங்காகிறது. எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க இயலாது.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மடியில் பயணிக்க அனுமதியுண்டு. ஆனால் கார் ஆசனத்தைப் பயன்படுத்த, பிள்ளைக்கும் தனி டிக்கட் வாங்கவேண்டும். இரண்டு வயது நிறைந்தால் தனி டிக்கட் கட்டாயம். பயணத்தின் நடுவே நிறைந்தால் திரும்பும் பயணத்துக்கும் அது வேண்டும்.

டிக்கட் வாங்குமுன் கவனிக்கவேண்டியவை:

1. விமானத்தில் பயன்படுத்தத் தகுந்தது என்ற வாசகம் ஆசனத்தில் ஒட்டப்பட்டுள்ளதா?

2. அகலம் 16 அங்குலத்துக்கு மேற்படாததா? அதற்கு மேற்பட்டால் பொருந்தாமற் போகலாம்.

3. விமான நிறுவனம் அனுமதிக்கிறதா? விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எழுத்தில் பதில் பெறுங்கள். ஜன்னலோர ஆசனத்தையே பெரும்பாலும் தருவார்கள்.

தனி டிக்கட்டுக்கு வசதியில்லையாயின், ஆசனத்தைப் பொதிகளுடன் அனுப்பலாம். கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். திரும்பப் பெற்றதும் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். மடியில் வைப்பவர்கள் உங்கள் பட்டியைப் பிள்ளையையும் சேர்த்து மாட்டவேண்டாம். உங்கள் உடலே பிள்ளையை நெரித்துவிடும். பல விமானங்களில் கைக்குழந்தைக்கெனத் தனிப் பட்டி உண்டு. கேட்டுப் பெறுங்கள்.

கட்டுநாயக்கவுக்குச் செல்லும் வானையும் மறக்கவேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் கார் ஆசனம் உதவவேண்டுமாயின், பின் இருக்கையில் பட்டி இருக்கவேண்டும். பட்டியால் கட்டாத ஆசனம் பிள்ளையைக் காக்காது. வான் பேசும்போதே அதையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.