அக்கரையும் இக்கரையும்: தொழிலாளியின் கூரை

"சிங்கப்பூரைப் பாருங்கள், கோவிட்டை எப்படிச் சமாளித்தார்கள்!" என்று ஈப்போ காப்பிக்கடைகளில் பேசுவோர் இன்றும் உண்டு. வாசகர்களே, இரு நாட்டு அரசாங்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு? தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நமக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. "கூட்டம் கூடாதே, தள்ளி நில்" என்று உத்தரவு போட்ட அரசாங்கம், தள்ளி நிற்க இடமே இல்லாத தொழிலாளிக்கு என்ன செய்தது?

சிங்கப்பூரில் முதல் நோயாளி 2020 ஜனவரி 23-ஆம் தேதி கண்டறியப்பட்டார். இரண்டு நாள் கழித்து மலேசியாவிலும் நோய் தலைகாட்டியது. மார்ச் 18-இல் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது; ஜொகூர் பாலம் வெறிச்சோடியது. சிங்கப்பூரோ ஏப்ரல் 7 வரை நாட்டை அடைக்காமலே காலம் தள்ளியது. அதுவரை உலகமே அதைப் புகழ்ந்தது.

அந்தப் புகழ் விடுதி வாசலோடு நின்றுவிட்டது. கட்டடம் கட்டவும் கப்பல் பட்டறையில் உழைக்கவும் வந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே விடுதிகளில் தங்கியிருந்தார்கள். வங்காளதேசத்தார் பலர்; தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில இடங்களில் இருபது பேர், இரண்டடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. ஒரு மீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது? ஏப்ரலில் நோய் காட்டுத்தீயாய்ப் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில், விடுதித் தொழிலாளர்களில் நூற்றுக்கு 47 பேரைத் தொற்று தீண்டிவிட்டதாக அந்த அரசாங்கமே கணக்குக் காட்டியது.

அதன் பிறகு அவர்கள் காட்டிய வேகத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. விடுதி விடுதியாகப் பரிசோதனை நடத்தினார்கள், சிகிச்சை கொடுத்தார்கள். அந்த டிசம்பர் வரை விடுதிகளில் கோவிட்டால் இறந்தவர் இருவர்தாம். ஆனால் ஊரார் கடைத்தெருவுக்குப் போகத் தொடங்கிய பின்னும் நெடுங்காலம் அந்தப் பிள்ளைகள் வேலைக்கும் விடுதிக்குமாகவே அடைபட்டுக் கிடந்தார்கள். உயிரைக் காத்தார்கள், உண்மைதான். மனிதனை மனிதனாக நடத்தினார்களா என்று கேட்டால் எனக்குத் தயக்கம்தான்.

சரி, இக்கரைக்கு வருவோம். பத்திரம் இல்லாத அந்நியத் தொழிலாளரும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று நம் அரசாங்கம் முதலில் சொன்னது. நல்ல வார்த்தை. ஆனால் 2020 மே 1, அதுவும் தொழிலாளர் தினத்தன்று, கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவு அதிகாரிகள் நுழைந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துப் போனார்கள். அதே மாதத்தில் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் தடுப்பு முகாம்களுக்குள் நோய் பரவியது. பிடிபடுவோம் என்று பயந்து ஒளிகிறவனை எந்த டாக்டர் தேடிப் போய்ப் பார்க்க முடியும்? இந்த ஒன்றில் அக்கரையே மேல் என்பேன்.

நவம்பரில் கிள்ளான் மேருவில் (நம் ஈப்போ மேரு அல்ல) கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு நோய் கண்டது. உலகத்துக்கே கையுறை செய்து கொடுத்தவர்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்த கோலத்தை அப்போதுதான் நாடு பார்த்தது.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், முதலில் யாருக்காக வந்தது தெரியுமா? தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களுக்காக! நம் லயத்து வீடுகளை மனத்தில் கொண்டு எழுதிய அந்தச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. 2020 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்து, செப்டம்பரில் கண்டிப்பாக அமலானது. மேருவில் நோய் வெடித்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து.

சிங்கப்பூரும் பிறகு திருத்திக்கொண்டது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர் வேண்டும் என்று 2021-இல் விதி செய்தது.

இன்று பேராக் செம்பனைத் தோட்டங்களில், நம்மவர் காலி செய்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் குடியிருக்கிறார்கள். விடுதி அமைத்து ஆட்களைத் தங்கவைக்கும் முதலாளி, எந்தத் தொழிலானாலும், தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் பெற்றாக வேண்டும். இல்லையேல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். உங்கள் பக்கத்துத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ ஓர் அறையில் இருபது பேர் படுப்பதைக் கண்டால், புகார் கொடுக்க வேண்டிய இடம் அந்த இலாகாதான்.