காதலிடம் கணக்குக் கேட்ட படம்

திரையில் காதல் – 11

சென்ற வாரம் 'மதிலுகள்' படத்தின் சிறைச்சுவரோடு நிறுத்தியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்குரலை மட்டும் வைத்துக்கொண்டு அடூர் கோபாலகிருஷ்ணன் காட்டிய காதலை விரும்பாதவர் அநேகமாக இல்லை. அதே அடூர் தன் 75வது வயதில் எடுத்த காதல் படமோ, அவரைக் கொண்டாடியவர்களையே இரண்டு கட்சியாக்கிவிட்டது. 2016 ஆகஸ்டில் வந்த 'பின்னெயும்'தான் அது. முந்தைய படம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திலீப்பும் காவ்யா மாதவனும் ஜோடி. அடூர் முதன்முறையாக டிஜிட்டலில் எடுத்த படமும் இதுதான். எதிர்பார்ப்புக்குக் கேட்கவா வேண்டும்?

புருஷோத்தமன் நாயர் படித்தவர், வேலையில்லாதவர். மனைவி தேவி பள்ளி ஆசிரியை. அவள் சம்பளத்தில், அவள் அப்பாவின் வீட்டில் வாழ்க்கை. இன்டர்வியூவுக்குப் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக வருடங்கள் போகின்றன. ஒருவழியாக வளைகுடாவில் வேலை கிடைக்கிறது, வீட்டில் காசு புழங்குகிறது. இனி நிம்மதி என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வருகிறது. தன் பெயரில் பெரிய தொகைக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பது, தன்னைப் போன்ற உடல்வாகுள்ள ஒருவனைக் கொன்று எரிப்பது, செத்தது தான்தான் என்று ஊரை நம்பவைப்பது. திட்டம் குலைகிறது, குடும்பம் சிதறுகிறது, நாயர் தலைமறைவாகிறார். பல ஆண்டுகளுக்குப் பின், அறுவை சிகிச்சையால் மாற்றிய முகத்தோடு, தேவியின் முன்னால் வந்து நிற்கிறார். மறுபடி சேர்ந்து வாழலாம் என்கிறார். முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

கேரளத்தில் இந்தக் கதையின் வேர் தெரியாதவர் கிடையாது. 1984 ஜனவரியில் மாவேலிக்கரை அருகே ஒரு காருக்குள் எரிந்த உடல் கிடைத்தது. அபுதாபியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சுகுமாரக் குறுப்பு இறந்துவிட்டதாக முதலில் நம்பினார்கள். எரிந்தது வழியில் லிஃப்ட் கேட்டு நின்ற, ஒரு சினிமா விநியோக நிறுவனத்தின் பிரதிநிதி. குறுப்பு இன்றுவரை பிடிபடவில்லை.

படத்தை ஏற்காதவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. வசனங்கள் பழைய மேடை நாடகத்தின் தொனியில் வருகின்றன. பல காட்சிகள் வெளிச்சம் பரவிய டி.வி. சீரியல் போல இருக்கின்றன. 'எலிப்பத்தாயம்' படத்தில் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வீட்டின் அழுகலைக் காட்டியவர், இங்கே எல்லாவற்றையும் பாத்திரங்களைப் பேசவைத்துச் சொல்கிறார். நாடே அறிந்த குற்றம் என்பதால் அடுத்தது என்ன என்ற பதைப்பும் இல்லை. ஆதரித்தவர்களோ, மர்மத்துக்காக எடுத்த படமில்லை இது, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மனசாட்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதைப் பாருங்கள் என்றார்கள். நெடுமுடி வேணு, இந்திரன்ஸ் ஆகியோரின் நடிப்பைச் சுட்டிக்காட்டினார்கள்.

ஆனால் படம் பார்த்தவர்களிடம் பேசிப்பேசி எனக்குப் புரிந்தது, உண்மையான பிளவு வசனத்திலோ வெளிச்சத்திலோ இல்லை என்பதுதான். இதைக் காதல் படம் என்று சொல்லலாமா? அங்கேதான் குரல் உயர்கிறது. திருக்கடையூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. "கொலைகாரன் கதை சார் இது. இதப் போயி காதல்னு சொல்றாரே, அவ்வளவு பெரிய மனுஷன்" என்றார் அவர். உள்ளிருந்து அவர் மனைவி கேட்டார்: "பொண்டாட்டி மேல ஆசையா இருக்கறவன் தப்பே பண்ண மாட்டானாங்க? நல்லா இருக்கே நீங்க சொல்றது!"

அந்த அம்மாவின் கேள்வி இந்த ஊருக்குப் பொருத்தமானது. திருக்கடையூருக்கு வரும் கார்களிலும் வேன்களிலும் பெரும்பாலும் அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதிகள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சூழ, கோபூஜை, கஜபூஜை முடித்து, கலச நீரில் நனைந்து, மாலை மாற்றிக்கொள்கிறார்கள். மணிவிழா காணும் கணவர் மறுபடி தாலி கட்டுகிறார். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஊரறியக் கிடைக்கும் மரியாதை அது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் யார் யாருக்காக எதையெல்லாம் செய்தார்கள், எதையெல்லாம் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. கலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடூர் கேட்டுவிட்டார்.

கடற்கரையோடு வடக்கே போனால் பூம்புகார், கண்ணகியின் ஊர். என் கணவன் கள்வன் அல்லன் என்று நிரூபித்த பெண்ணைத்தான் நாம் தெய்வமாக்கினோம். கணவன் குற்றமற்றவன் என்பதால் அவள் காதலுக்கும் கோபத்துக்கும் நியாயம் கிடைத்தது, மதுரை எரிந்ததைக்கூட ஏற்றுக்கொண்டோம். தேவிக்கு அந்த வசதி இல்லை. அவள் கணவன் கொலை செய்தவன் என்பதில் சந்தேகமே கிடையாது. அப்படியும் மனதில் ஆசை மிச்சமிருந்தால் அதை என்ன செய்வாள்? நம் இலக்கியமும் சினிமாவும் அதிகம் தொடாத இடம் இது. படம் பலருக்குக் கசந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. திருக்கடையூர்த் தலபுராணத்தில் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்து வீழ்த்துகிறார். சாவே இல்லாமல் போனதும் பாரம் தாங்க முடியாமல் பூமாதேவி முறையிட, எமன் மறுபடி எழுப்பப்படுகிறான். சாவை யாரும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. நாயர் ஒதுக்கப் பார்க்கிறார். தன் பெயரில் ஒரு சாவு வேண்டும், தான் மட்டும் சாகக் கூடாது. ஆகவே அது முகம் தெரியாத ஒருவன் மேல் விழுகிறது. தேவி கைம்பெண் வேடம் போட வேண்டுமென்றால், எங்கோ ஒருத்தி உண்மையிலேயே கைம்பெண் ஆக வேண்டும். உனக்காகத்தானே செய்தேன் என்று சொல்லும் காதலுக்கு இந்தப் பெண் கண்ணில் படுவதே இல்லை.

அடூரின் முதல் படம் 'சுயம்வரம்' (1972). அதிலும் வேலைக்கு அலையும் ஒருவன், அவனை நம்பி வீட்டைவிட்டு வந்த சீதை. வறுமை அவனைத் தின்றுவிடுகிறது, கைக்குழந்தையோடு சீதை நிற்கிறாள். 44 ஆண்டுகள் கழித்து அதே ஜோடியைப் போலத்தான் 'பின்னெயும்' தொடங்குகிறது. ஆனால் இங்கே குற்றம் வறுமையில் நடக்கவில்லை, வறுமை தீர்ந்த பிறகு நடக்கிறது. வேலைக்காகக் கடல் கடந்து போனவர்கள் டெல்டாவின் கிராமங்களிலும் ஏராளம். அவர்கள் உழைப்பில் எழுந்த மாடிவீடுகளைப் பார்த்து நான் பெருமைப்படுகிறேன். கூடவே, "இன்னும் கொஞ்சம் சேர்த்துட்டு வந்துடுறேன்" என்ற வாக்கியம் எத்தனை தாம்பத்தியங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்பதையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நாயர் செய்ததை லட்சத்தில் ஒருவர்கூடச் செய்யமாட்டார். அந்த ஆசையின் முதல் படியில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

எனவே என் கட்சி இதுதான். 'பின்னெயும்' அடூரின் சிறந்த படம் இல்லை. 'மதிலுகள்' பக்கத்தில் வைத்தால் கைவேலை தளர்ந்திருப்பது தெரிகிறது. ஆனால் 75 வயதில், சம்பாதித்த புகழை வைத்துக்கொண்டு இனிமையாக ஒரு காதல் கதை சொல்லி எல்லோருடைய கைதட்டலையும் வாங்கியிருக்கலாம். அதை விட்டு, உன் அன்புக்கு விலை கொடுத்தது யார் என்று நம்மைக் கேட்டாரே, அந்தத் துணிவுக்கு என் ஓட்டு. படத்தைத் திட்டியவர்களும் பாராட்டியவர்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.

அடுத்த வாரம், மைக்கேல் ஹானெகேயின் 'அமோர்' (2012). கான் விழாவில் தங்கப்பனை வென்ற படம். நோயில் விழுந்த மனைவிக்கு எண்பதைத் தாண்டிய கணவர் செய்யும் கடைசிக் காரியம் அன்பா, இல்லையா என்று இன்னும் வழக்கு நடக்கிறது.

(தொடரும்)