எம்.சி.யில் கையெழுத்து மட்டும் இருந்தால் போதுமா?

குவீன்ஸ்டவுன் பலதுறை மருந்தகத்திலோ புளோக்குக்குக் கீழே உள்ள மருந்தகத்திலோ மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள். கையில் எம்.சி., ரசீது. எம்.சி.யின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்ததுண்டா?

எத்தனை நாள் விடுப்பு என்பதைத்தான் பெரும்பாலோர் பார்க்கிறோம்!

2024 டிசம்பர் 20 முதல், சிங்கப்பூரில் கொடுக்கப்படும் மருத்துவச் சான்றிதழில் அதை வழங்கிய மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கட்டாயம் இருக்கவேண்டும். அந்த எண் 'எம்' எழுத்தில் தொடங்கும். பின்னர் 5 இலக்கங்கள், கடைசியில் இன்னோர் எழுத்து. யாருக்கும் புரியாத கிறுக்கல் மட்டும் இருந்தால் செல்லாது.

ஏன் இந்தக் கெடுபிடி?

எம்.சி.க்குப் பின்னால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதுதான் காரணம்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மானாடாக்டர் மருந்தகத்தின் விவகாரம் காட்டியது. ஒரே மாதத்தில் அங்கு நடந்த தொலைமருத்துவ ஆலோசனைகளில் 100,000க்கும் மேற்பட்டவை ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் நீடித்தன. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் மிக மோசமாக இருந்ததையும் சுகாதார அமைச்சு சுட்டியது. மருந்தகத்தின் உரிமம் ரத்தானது.

ஒரு நிமிடத்தில் "காய்ச்சலா? எத்தனை நாளா?" என்று கேட்பதற்கே நேரம் சரியாக இருக்கும். குறிப்பு எழுதுவது எப்போது?

குறிப்புக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. மெடிஷீல்டு லைஃப், சாஸ் அட்டை, நிறுவனக் காப்புறுதி என எதில் கட்டணம் கழிந்தாலும் நோயாளி, மருத்துவர் இருவரையும் தவிர மூன்றாவதாக ஒருவர் பணம் கொடுக்கிறார். அவர் அறைக்குள் இல்லை. சிகிச்சை நடந்ததா, தேவைப்பட்டதா, யார் செய்தது என்று அவருக்குச் சொல்வது மருத்துவக் குறிப்புதான்.

மெடிசேவில் பணம் எடுக்க நீங்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அவசரத்தில் "இங்க சைன் பண்ணுங்க" என்றதும் போட்டுவிடுகிறோம். அடுத்தடுத்த சிகிச்சைகளுக்கும் செல்லும்படியான ஒப்புதலும் அதில் உண்டு என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

கணக்குத் தணிக்கையில் குறிப்பும் கட்டணமும் பொருந்தாவிட்டால் மருந்தகம் சிக்கலில் மாட்டும். மெடிசேவ், சாஸ் திட்டங்களிலிருந்து சில மருந்தகங்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதுண்டு. அங்கு வழக்கமாகப் போகும் தாத்தா, பாட்டிக்குத்தான் அலைச்சல்.

கணினியில் எழுதினால் கையெழுத்து எங்கே?

இப்போது மருத்துவர்கள் பலரும் தட்டச்சுதான் செய்கிறார்கள். சொந்தக் கணக்கில் நுழைந்து எழுதினால் யார், எப்போது எழுதினார் என்பது பதிவாகிவிடும். அதுவே கையெழுத்தின் வேலையைச் செய்கிறது. ஒருவரின் கணக்கில் இன்னொருவர் எழுதினால்? அந்த அடையாளத்துக்கு மதிப்பே இல்லை.

குறிப்புகள் தெளிவாக, துல்லியமாக, அந்தந்த நேரத்திலேயே எழுதப்படவேண்டும் என்கிறது சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை. வேறொரு மருத்துவர் படித்துச் சிகிச்சையைத் தொடரும் அளவுக்கு அவை இருக்கவேண்டும்.

அமெரிக்கா இதில் இன்னும் கறார். அங்குள்ள மெடிகேர் திட்டம், மருத்துவர் கையாலோ மின்னியல் முறையிலோ ஒப்பமிடாத குறிப்புக்குப் பணம் தர மறுக்கலாம். ரப்பர் முத்திரை பொதுவாகச் செல்லாது. உடற்குறையால் கையெழுத்துப் போட முடியாத மருத்துவருக்கு மட்டும் விலக்கு. கையெழுத்து புரியவில்லை என்றால், அது தம்முடையதுதான் என்று மருத்துவர் எழுத்துமூலம் உறுதிகூறலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எம்.சி.யில் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று மருந்தகத்தை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் முகப்பிலேயே கேளுங்கள், அது உங்கள் உரிமை. சந்தேகம் இருந்தால் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவரின் பெயரைத் தேடலாம். மெடிசேவில் எவ்வளவு கழிந்தது என்பதை மத்திய சேமநிதிக் கழகத்தின் இணையத்தளத்தில் காணலாம். நீங்கள் போகாத நாளில் ஏதாவது கழிந்திருந்தால் உடனே விசாரியுங்கள்.