தறிக்கேற்ற கைவிளக்கு

எம் ஆரணியில் மாரிக்காலத்து மாலையில் மின்விளக்கு அணையுமாயின், குழித்தறியில் இருப்போர் கை ஓய்ந்துவிடும். அவ்வேளை பட்டுப்பாவில் ஓரிழை அறுந்திருப்பின், அதனைக் கண்டு முடிதற்கு நல்லதொரு டார்ச்சு விளக்கு வேண்டும். அதனைத் தெரிந்தெடுத்தல் எங்ஙனம்?

கடைக்காரர் முதலிற் கூறுவது லூமன் கணக்கு. அது விளக்கு உமிழும் ஒளி முழுவதையும் குறிக்குமேயன்றி, அவ்வொளி விழும் பாங்கினைக் குறியாது. சில பெட்டிகளின்மேற் காணும் ‘தூரம்’ என்பதோ, ஒளி மங்கி முழுநிலவின் அளவாக, அதாவது 0.25 லக்ஸாகக் குறையும் எல்லையாம். இரவில் வயலுக்குச் செல்வார்க்கு அது பயன்படும். பாவோ முழத்தொலைவில் உளது. கூரிய கற்றை பட்டில் மின்னிக் கண்ணைக் கூசுவித்து இழையை மறைத்துவிடும். ஆதலின் பரந்து விழும் ஒளியே தறிக்கு ஏற்றது. முடிதற்கு இருகையும் வேண்டுமன்றோ? அடி தட்டையாய்த் தானே நிற்கவல்ல விளக்காயின் மிக நன்று.

மின்கலம், சுவர்க்கடிகாரத்திற்கு இடும் 1.5 வோல்ட்டு ‘ஏஏ’ வகையாகவே இருக்கட்டும். தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். வெண்ணிற எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட்டு வேண்டுமாகலின், இரண்டு கலம் கொள்ளும் விளக்கே எளிது. கடிகாரத்திற்குப் போதுமான துத்தநாகக் கரிக்கலம் பேரொளி விளக்கில் விரைவில் தளரும். ஆல்கலைன் கலம் விலை மிகினும் நெடிது உழைக்கும். ஆயினும் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பின் இருவகையும் கசிதல் கூடும். எம் வீட்டு விளக்கு அவ்வாறே கெட்டது. மழை தொடங்கிய அன்றுதான் அதனைத் திறந்து பார்த்தோம்.