குழந்தையும் அந்நிய பாஷையும் – 6: எட்டு வயதுப் பிரெஞ்சு

சென்ற வாரம் கைக்குழந்தையின் செவியைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதத்தில் பிற பாஷைகளின் ஒலி பேதங்களைக்கூடப் பகுத்தறிய வல்லதாக இருக்கும் குழந்தை, ஓராண்டு நிறைவதற்குள் தன் வீட்டுப் பேச்சுக்கு வேண்டாத பேதங்களில் பலவற்றைக் கைவிடத் தொடங்கிவிடுகிறது என்பதைப் படித்தவர்களுக்கு, அப்படியானால் அந்நிய பாஷையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவும் லாபம் என்ற எண்ணம் இயல்பாகவே உண்டாகியிருக்கும். அந்த எண்ணத்தை நம்பி ஒரு தேசத்தின் கல்வி இலாகா பத்தாண்டுக் காலம் நடத்திப் பார்த்த பரீட்சை ஒன்று உண்டு. அதே எண்ணத்தோடு ஒரு சிற்றூர்ப் பெற்றோர்கள் பிடிவாதமாக நின்று தொடங்கிவைத்த பரீட்சையும் ஒன்று உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பமானவை. கற்பித்த பாஷையும் இரண்டிலும் பிரெஞ்சுதான். பலன் மாத்திரம் வெவ்வேறாகப் போயிற்று.

அக்காலத்தில் இந்த நம்பிக்கைக்குச் சாஸ்திர பலம் அளித்தவர்களுள் முக்கியமானவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மூளை வைத்தியர் வைல்டர் பென்ஃபீல்ட். 1934-ல் அந்நகரில் நரம்பியல் நிலையத்தை ஸ்தாபித்த அவர், காக்காய்வலிப்பு நோயாளிகளுக்கு அவர்கள் பிரக்ஞையோடு இருக்கும்போதே மண்டையைத் திறந்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடத்தில் தொட்டால் பேச்சு தடைப்படுகிறது என்று குறித்துக்கொண்டு சிகிச்சை செய்தவர். பேச்சுக்குரிய பகுதி சிதைந்துபோன சிறு குழந்தை மூளையின் மறுபாதியைக் கொண்டு மீண்டும் பேசக் கற்றுக்கொள்வதையும், அதே சேதம் நேர்ந்த பெரியவர்கள் பெரும்பாலும் அவ்வாறு மீளாததையும் கண்ட அவர், பாஷைகளைத் தொடங்குவதற்கு உரிய பருவம் பத்து வயதுக்கு உட்பட்டதே என்றும், அதற்குப் பின்னர் மூளை இறுகிவிடுகிறது என்றும் முடிவு செய்து, 1953-ல் ஒரு பிரசங்கத்திலும், 1959-ல் லாமர் ராபர்ட்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்திலும் வற்புறுத்தினார். அவர் கண்டதோ அடிபட்ட மூளை தன்னைச் சீர்செய்துகொள்ளும் விதம். அதிலிருந்து அவர் தீர்ப்புச் சொன்னதோ பள்ளிக்கூட வகுப்பைப் பற்றி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சமல்ல. ஆயினும் அவ்வளவு பெரிய வைத்தியர் சொல்லும்போது வாத்தியார்கள் எதைச் சொல்லி மறுப்பது!

இங்கிலாந்தில் அதுவரை பிரெஞ்சு என்பது பதினொரு வயதில் பரீட்சை தேறி உயர்தரப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கே உரிய படிப்பாக இருந்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர அந்நாடு கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்டை நாட்டாரின் பாஷையைச் சகல குழந்தைகளுக்கும் கற்பித்தால் என்ன என்ற யோசனை பலத்தது. 1963-ல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1964 முதல், தேர்ந்தெடுத்த பிரதேசங்களின் ஆரம்பப் பள்ளிகளில் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒலிநாடா, படங்கள் சகிதம், நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் பிரெஞ்சு கற்பிக்கலாயினர். சுமார் 18,000 பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சோதித்த கிளேர் பர்ஸ்டால் என்ற அம்மையார் 1974-ல் தம் அறிக்கையை வெளியிட்டார். எட்டு வயதில் தொடங்கியவர்களையும் பதினொன்றில் தொடங்கியவர்களையும் பதினாறு வயதில் ஒப்பிட்டால், காதால் கேட்டு அர்த்தம் செய்துகொள்வது ஒன்றில் தவிர முன்னவர்களுக்கு மேன்மை இல்லை. வாசிப்பிலும் எழுத்திலும் பின்னவர்களே ஒரு படி மேலாக நின்றார்கள். மூன்று ஆண்டு முன்கூட்டிக் கற்றதன் லாபம் எங்கே போயிற்று? இந்த அறிக்கைக்குப் பிறகு ஆரம்பப் பள்ளிப் பிரெஞ்சுக்கு இருந்த உற்சாகம் வற்றிப்போயிற்று.

இனி மற்றதைப் பார்ப்போம். ஸெயிண்ட் லாரன்ஸ் நதிக்கு இக்கரையில் மாண்ட்ரியல், அக்கரையில் ஸெயிண்ட் லாம்பர்ட் என்ற சிற்றூர். கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கை ஓங்கிவந்த அறுபதுகளில், அங்கே இங்கிலீஷ் பேசும் பெற்றோர்கள், பள்ளியில் வருஷக்கணக்காகப் பிரெஞ்சு படித்தும் தங்களால் அண்டை வீட்டாரோடு நாலு வார்த்தை சரளமாகப் பேச முடியாத நிலையை நினைத்து மனம் புழுங்கினர். அவர்கள் பென்ஃபீல்டைக் கலந்தார்கள். மக்கில் சர்வகலாசாலையின் மனோதத்துவ ஆசிரியர் வாலஸ் லாம்பர்ட்டைக் கலந்தார்கள். இஷ்டமில்லாத பள்ளி நிர்வாகத்தை விடாமல் வற்புறுத்தி, 1965 செப்டம்பரில் 26 குழந்தைகளோடு ஒரு பாலர் வகுப்பைத் திறக்கச் செய்தார்கள். அங்கே பிரெஞ்சு ஒரு பாடமாக இல்லை. வாத்தியாரம்மா வாய் திறந்தால் பிரெஞ்சு. கணக்கும் கதையும் பிரெஞ்சு. இங்கிலீஷ் எழுத்தே இரண்டாம் வகுப்பில்தான் எட்டிப்பார்த்தது. தாய்பாஷை கெட்டுவிடுமே என்று பலரும் பயந்தனர். முதலில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகள், இங்கிலீஷ் தொடங்கியதும் சீக்கிரமே எட்டிப் பிடித்தன, கணக்கில் குறைவில்லை, பிரெஞ்சைக் கேட்டு விளங்கிக்கொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏறக்குறையச் சமமாக வந்தன. பேச்சில் மாத்திரம் ஆண்பால் பெண்பால் பிழைகள் ஆண்டுகள் பல சென்றும் ஒட்டிக்கொண்டே இருந்தன. கூட விளையாடும் பிரெஞ்சுக் குழந்தை ஒன்றுகூட வகுப்பில் இல்லாதபோது, ஒன்றின் பிழையை மற்றொன்று கற்றுக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

நாளொன்றுக்கு அரைமணி என்றால் ஆண்டுக்கு நூறு மணி தேறுவதே அரிது. மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்துக் குழந்தை கேட்ட பிரெஞ்சை ஸெயிண்ட் லாம்பர்ட் குழந்தை சில மாதங்களிலேயே கேட்டுவிடும். சிறு குழந்தையின் சாமர்த்தியம் முழுவதும், விதி தெரியாமலே, ஓயாமல் கேட்டுக் கேட்டுத் தன்னையறியாமல் வாங்கிக்கொள்வதில் இருக்கிறது. கேட்பதற்கே இல்லையானால் அந்தச் சாமர்த்தியம் எதைப் பற்றி நிற்கும்? பதினொரு வயதுப் பிள்ளையோ எழுத்து அறிந்தவன். விதியை ஒரு தடவை சொன்னால் பத்து இடத்தில் பொருத்திப் பார்ப்பவன். சொற்ப நேரத்தையும் வீணாக்காமல் பயன்படுத்தத் தெரிந்தவன். 1978-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஹாலந்தில் குடியேறிய இங்கிலீஷ் குடும்பங்களைச் சோதித்தபோது, முதல் ஆண்டில் டச்சு பாஷையில் தலைசிறந்து நின்றவர்கள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயது வரையுள்ளவர்களே. மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான குழந்தைகள் கடைசியில் நின்றன. ஆனால் ஒரு தேசத்திலேயே பல்லாண்டு வாழ்ந்துவிட்டவர்களை எடுத்துக்கொண்டால் கணக்குத் தலைகீழாகிறது. அமெரிக்காவில் குடியேறிய சீனரையும் கொரியரையும் கொண்டு 1989-ல் ஜான்சன், நியூபோர்ட் என்ற இருவர் செய்த சோதனையில், ஏழு வயதுக்குள் வந்து சேர்ந்தவர்களின் இலக்கண ஞானமே அந்நாட்டிற் பிறந்தவர்களுடையதற்கு நிகராக இருந்தது. ஆகவே எந்த வயது என்று கேட்பவரை நான் முதலில், எத்தனை மணி நேரம், யாரோடு என்று திருப்பிக் கேட்பேன்.

பர்ஸ்டால் அம்மையாரின் அறிக்கையையும் வேதவாக்காகக் கொள்வதற்கில்லை. மூன்று ஆண்டு கற்றுவிட்டு வந்த பிள்ளைகளையும் அட்சரம் அறியாத பிள்ளைகளையும் மேல்நிலைப் பள்ளியில் பல இடங்களில் ஒரே வகுப்பில் அமர்த்தி, ஆதியிலிருந்தே மறுபடியும் தொடங்கினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கற்றதையே திரும்பக் கற்ற பிள்ளை சோர்வடைந்ததற்கு வயதா பொறுப்பு? நாற்பதாண்டு கழித்து, 2014 செப்டம்பரில், இங்கிலாந்து ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஓர் அந்நிய பாஷையைக் கட்டாயப் பாடமாக்கியது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அந்தப் பாடத்திட்டம் குறிப்பிடவில்லை.