ஒளியோடு பழகு – 14: பாலத்தை விட்டு இஸ்தோப்புக்கு வாருங்கள்

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து பதுளை, பண்டாரவளை, பசறை மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்? கேட்பவர்களின் கல்யாணப் படங்களை வாங்கிப் பார்க்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் எல்ல ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. முந்தானை பறக்க மணமகள் தண்டவாளத்தில் நடக்கிறாள். பின்னாலிருந்து மணமகன் கை நீட்டுகிறான். வளைவில் ரயில் வருகிறது. பெயரை மறைத்துவிட்டு யார் எடுத்தது என்று கேட்டால் எடுத்தவருக்கே சொல்ல வராது.

பாலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு இடையில், உருக்கே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி 1921இல் முடித்த வேலை அது. இன்னும் ரயிலைத் தாங்குகிறது. மேட்டில் நின்று யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். சிக்கலும் அதுதான். இடமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. மாணவன் தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை. எங்கே நிற்பது, எவ்வளவு நெருங்குவது, எதை விடுவது என்று நீங்களாகத் தீர்மானித்த படங்கள் சேரச் சேரத்தான் பாணி என்று ஒன்று தெரியத் தொடங்கும்.

"சேர், கல்யாண வீட்டுக்காரங்க கேக்கிறதே அந்தப் பாலத்தத்தான்" என்றார் ஒரு மாணவர். நியாயமான பேச்சு. எடுத்துக் கொடுங்கள், அது உங்கள் பிழைப்பு. தண்டவாளத்தில் மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள், உயிரை விடப் பெரிய படம் கிடையாது. ஆனால் அதே கல்யாணத்தில், அந்த வீட்டுக்கு மட்டுமே சொந்தமான நாலு படமாவது உங்கள் கமராவில் இருக்க வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலையகத்து முகங்களை நெடுங்காலம் மற்றவர்களே படம் எடுத்து வந்திருக்கிறார்கள்.

1875இல் ஜூலியா மார்கரெட் கெமரன் இலங்கைக்குக் குடிவந்தார். கல்கத்தாவில் பிறந்தவர், 1863இல், 48ஆவது வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவில் தொழிலைக் கற்றவர். அன்று ஈரக் கண்ணாடித் தகடு. ஒரு படத்துக்குப் பல விநாடிகள், சில வேளை நிமிடக்கணக்கில், ஆள் அசையாமல் இருக்க வேண்டும். முகத்துக்கு மிக நெருங்கிப்போய், குவியத்தைக் கூர்மையாக்காமல் விட்டுவிடுவது அவர் வழக்கம். தொழில் தெரியாத வேலை என்று இங்கிலாந்துப் புகைப்படக்காரர்கள் ஏசினார்கள். அவர் அசையவில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் லென்ஸைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டார். குற்றம் என்று சொல்லப்பட்ட அந்த மென்மையை வைத்துத்தான் இன்று உலகம் அவரை அடையாளம் காண்கிறது. பாணியைத் தேடும் மாணவர் எவரும் அவர் படங்களின் முன்னால் சில மணி நேரம் உட்கார வேண்டும்.

அவர் கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். களுத்துறையிலும் மலைநாட்டிலும் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படம் பிடித்தார். எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடங்கினார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் படத்தோடு பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர்கள் குழு'. முகங்களை அவ்வளவு அன்போடு பார்த்தவரிடமிருந்தும் நம்மவர் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் நமக்குக் கிடைக்கிறார்கள்.

ஸ்கீன், ஸ்கோவன் போன்ற வணிக ஸ்டூடியோக்களுக்கு அந்த அன்பும் இல்லை. 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவர்கள்' என்று வகை பிரித்து, ஊர் பார்க்க வந்தவர்களுக்கு விற்றார்கள். பிறகு படம் எடுக்கச் சொன்னது அரசாங்கம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எத்தனையோ குடும்பங்கள் ஸ்டூடியோப் படியேறியதே கடவுச்சீட்டுக்காகத்தான். நேரே பார், சிரிக்காதே, காதைக் காட்டு. தோட்டத்துப் பெரியவர்கள் கமராவைக் கண்டதும் இன்றைக்கும் விறைத்துப்போய்க் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொள்வது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். அந்த விறைப்பை இளக்கத் தெரிந்தவர்தான் இந்த மண்ணில் உருவப்படக் கலைஞர்.

மாலி நாட்டின் பமாகோ நகரத்து செய்து கெய்தாவை நான் வகுப்பில் விடாமல் சொல்வதுண்டு. 1948இல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ திறந்தார். முற்றத்து வெளிச்சத்தில்தான் பெரும்பாலும் எடுத்தார். முதலில் பின்னணிக்குத் தொங்கவிட்டது தன் கட்டில் விரிப்பை. தகடு விலை அதிகம் என்பதால் பொதுவாக ஓர் ஆளுக்கு ஒரே படம். அந்த ஒரு படத்துக்காக வந்தவரை உட்கார வைத்து, தோளைச் சற்றுத் திருப்பி, கையை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். வந்தவர்கள் கைக்கடிகாரம், வானொலி, மோட்டார் சைக்கிள் என்று விரும்பியதோடு நின்றார்கள். தங்களை எப்படிக் காட்டுவது என்பதில் அவர்களுக்கும் பேச்சிருந்தது. அவர் படங்களின் கம்பீரம் அதிலிருந்து வந்தது என்பது என் தீர்மானம்.

இனி நம் வெளிச்சத்துக்கு வருவோம். ஊவாவில் கல்யாணக் காலம் இரண்டு விதம். ஆவணியில் வறண்ட காற்று அடிக்கிறது. ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்றுதான். வானம் துடைத்து வைத்திருக்கும், வெயில் கண் குழிக்குள் கறுப்பு நிழலாக விழும். தையில் வடகீழ்ப் பருவத்தின் மழையும் மூடுபனியும். மூடுபனி நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் நிழலே இருக்காது, முகம் தட்டையாகிவிடும். இந்த இரண்டையும் ஒரே 'ப்ரீசெட்'டை அழுத்தி ஒரே செம்மஞ்சளாக்கிவிட்டு அதைத் தன் பாணி என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நிறம் எப்படி உங்கள் பாணியாகும்?

கமராவின் அளவுமானி, எதிரே உள்ளது எல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அளக்கிறது. வெள்ளை மூடுபனியைக் கண்டால் படத்தை இருட்டாக்கும். நம் மணமகளின் முகம் கரியாகும். அப்போது ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மண்டபத்தின் கறுப்புத் திரை முன்னால் இதற்கு நேர்மாறு: முகம் வெளிறிப்போகும். என் யோசனை, முகத்தில் மட்டும் புள்ளி அளவெடுத்து, கருந்தோலாக இருந்தால் அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துப் பிடியுங்கள். தோல் தன் சொந்த நிறத்தில் நிற்கும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தி எல்லாம் மினுங்கும். கருந்தோலுக்கு வடிவம் தருவது இந்த மினுக்கம்தான்.

அந்தப் பக்க வெளிச்சம் எங்கே கிடைக்கும்? லயத்தில்! காம்பரா உள்ளே இருட்டு, இஸ்தோப்பு வெளியே திறந்திருக்கிறது. வாசல்படியில் ஆளை உட்கார வைத்து முகத்தைச் சற்று வெளியே திருப்புங்கள். ஐரோப்பிய ஓவியர்கள் ஜன்னலோரத்தில் தேடிய வெளிச்சம் நம் பாட்டிமார் வெற்றிலை இடிக்கும் இடத்தில் காலையும் மாலையும் சும்மா விழுந்துகொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. அல்பத்துக்காக மணமகளை வெள்ளையாக்குவதை நிறுத்துங்கள். முகத்தை மெழுகி, நிறத்தை இரண்டு படி ஏற்றிக் கொடுத்தால் வீட்டார் சந்தோஷப்படுவார்கள் என்கிறீர்கள். கருந்தோலை ஒதுக்குவது பழைய கதை. வர்ணப் பிலிம் வந்த காலத்தில் கோடக் கம்பெனி, ஆய்வுகூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தத் தோலுக்கு நிறம் சரியாக வந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். கருந்தோல் படங்கள் விவரமிழந்து போயின. இன்றைய கமரா கருந்தோலின் அத்தனை சாயலையும் பிடித்துத் தருகிறது. அதை நாமே அழிப்பது அநியாயம். பத்து வருடம் கழித்து அல்பத்தைத் திறக்கும் மகள், தன் நிறம் அம்மாவிடமிருந்து வந்தது என்பதை அதில் பார்க்க வேண்டாமா?

கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரம் எல்லாருடைய கமராவும் கழுத்தைத்தான் பார்க்கும். நீங்களும் எடுங்கள், அதைத் தவறவிட்டால் மன்னிப்பில்லை. ஆனால் கெட்டிமேளம் அடங்கியதும் கூட்டத்தின் பக்கம் திரும்புங்கள். நமுனுகுலைப் பக்கத்து மாணவி ஒருவர் அப்படித் திரும்பியபோது, அட்சதையைத் தூவ மறந்து, மூடிய கையோடு நின்ற மணமகளின் அம்மாவை எடுத்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. அதன் பிறகு அவர் போகும் ஒவ்வொரு கல்யாணத்திலும் கைகளைத் தேடி எடுக்கிறார்: மருதாணிக் கை, தப்படிக்கும் கை, பந்தியில் பரிமாறும் கை. தனக்கென்று பாணி வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை.

உங்கள் படங்களில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்களும் பாருங்கள். கைபேசியில் வேண்டாம், விருப்பக்குறிகள் கண்ணை மறைக்கும். கொஞ்சப் படங்களை அச்சிட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். நீங்கள் எப்போதும் தூர நிற்கிறீர்களா, நெருங்குகிறீர்களா, யாரை விட்டுவிடுகிறீர்கள் என்பது தெரியும்.

இந்த வாரப் பயிற்சி இது. உங்கள் டிவிஷனில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் போங்கள். முதலில் கமராவை எடுக்காமல் பேசுங்கள். எந்தச் சேலை, எந்த இடம், யார் பக்கத்தில் என்பதை அவரே சொல்லட்டும். இஸ்தோப்பு வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுங்கள். அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், திகதி, உங்கள் பெயர் எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுக்காத வரை பயிற்சி முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.