கப்பல் காத்திருக்காது!

2023ல் நான், கணவர், மாமியார் மூவரும் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போக டிக்கெட் எடுத்திருந்தோம். மதுரையில் ராத்திரி ரயில் ஏறினால், விடியற்காலை எழும்பூர்.

"கப்பல் மத்தியானம்தானே? அன்னிக்குக் காலையில இறங்கினா போதும். லாட்ஜுக்கு ஏன் தண்டம் அழணும்?" என்றார் கணவர். மாமியாரோ, "கப்பல் என்ன, நம்ம ஊரு டவுன் பஸ்ஸா? ஒரு நாள் முன்னாடியே போயிடலாம்ப்பா" என்று பிடிவாதமாக நின்றார். முணுமுணுத்தபடியே முதல் நாளுக்கு ரயில் டிக்கெட் எடுத்தார். ரயிலும் நேரத்துக்கே போய்ச் சேர, "பாத்தியா, வீண் செலவு" என்று என்னிடம் கேலி வேறு!

மறுநாள் துறைமுகத்தில் பரிசோதனை முடிந்து, கவுன்டரை மூடிய பிறகு, பெட்டிகளோடு ஓடி வந்தது ஓர் இளம் ஜோடி. அன்று காலை வரவேண்டிய ரயில், வழியில் நின்று ஐந்து மணி நேரம் தாமதமாம். அங்கே தம்பி கல்யாணமாம் அந்தப் பெண்ணுக்கு. அந்தமான் கப்பல் தினமும் கிடையாது. விமானத்துக்குத் திடீரென்று பணத்துக்கு எங்கே போவது? பெட்டி மேலேயே உட்கார்ந்து அவள் அழுதது, இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கணவர் வாயே திறக்கவில்லை. மாமியாரின் பையைத் தானே வாங்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக் கப்பல் படியேற்றினார்.

சகோதரிகளே... கப்பல் பயணம் என்றால், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அசல் அடையாள அட்டையைப் பெட்டியில் வைக்காமல், கைப்பையிலேயே வையுங்கள். ரயிலில் பெட்டியை, பெர்த்துக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, நிம்மதியாகத் தூங்குங்கள். லாட்ஜ் வாடகை தண்டமல்ல!

– ஒரு வாசகி, மதுரை.